பேராதனையா, திறந்த பல்கலைக்கழகமா, ஆய்வுப் பட்டமா: சனிக்கிழமை காலையிலிருந்து யோசித்துப் பார்ப்போம்

"அக்கா, பேராதனைக்குப் போடவா, ஓப்பன் யூனிவர்சிட்டிக்குப் போடவா?" ஆசிரிய நியமனம் கிடைத்து இரண்டு வருடம் ஆனதும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. போன மாதம் பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிற தங்கச்சி ஒருத்தி வட்ஸ்அப்பில் ஒரே வரியில் இதைக் கேட்டாள். நான் ஏழு வொய்ஸ் அனுப்பினேன். அவள் அதில் இரண்டைத்தான் கேட்டிருப்பாள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் ஹட்டன் பக்கம், தோட்டத்துப் பாடசாலையில் ஆசிரியை. பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் திறந்த பல்கலைக்கழகத்தில் செய்தேன். பிறகு சனி, ஞாயிறு வகுப்பாகப் பேராதனையில் முதுமாணி, அதாவது மாஸ்டர்ஸ், முடித்தேன். என்னோடு கலைமாணி படித்த தோழி வேறோர் அரச பல்கலைக்கழகத்தில் எம்.ஃபில். என்கிற முதுதத்துவமாணிக்குப் பதிந்து ஆறு வருடம் ஆகிறது, இன்னும் நடக்கிறது. மாமா மகன் யாழ்ப்பாணம் போய் அங்கேயே தங்கிப் படித்தான். ஆக, இந்த நான்கு வழியையும் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன்.

எந்தப் பெயர் பெரிது என்று பார்த்து முடிவெடுக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பேராதனை என்றால் வீட்டில் எல்லாருக்கும் பெருமைதான். 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு வந்த கதையெல்லாம் எங்கள் அப்பாவுக்கே தெரியும். அந்தப் பெருமை சனிக்கிழமை விடியற்காலை உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பாது. மலையகத்தில் இருந்து பட்டப்பின் படிப்பு படிக்கிறவர் பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்: உங்கள் வாரத்தில் எத்தனை மணித்தியாலம் மிஞ்சுகிறது, நீங்கள் எழுதியதை யார் வாசித்துத் திருத்தித் தரப்போகிறார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் காசு. முதற்பட்டம் வரைக்கும்தான் இலவசம். கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில், 1945இல், வந்த இலவசக் கல்வியை அனுபவித்தே வளர்ந்தவர்கள் நாங்கள், அதனால் பட்டப்பின் படிப்புக்கு அரச பல்கலைக்கழகமே கட்டணம் கேட்கும்போது ஒரு நிமிடம் திகைத்துத்தான் போகிறோம். மகாபொல உதவித்தொகையும் முதற்பட்டத்தோடு சரி. கட்டணத்தைப் பெரும்பாலும் தவணையாகக் கட்டலாம், ஆனால் கையேட்டில் இல்லாத செலவு ஒன்று இருக்கிறது: பஸ், த்ரீவீல், கண்டியில் பகல் சாப்பாடு, போட்டோகொப்பி. நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் பயணமும் சாப்பாடும் படிப்புக் கட்டணத்தில் பாதியைத் தாண்டியிருந்தது. கட்டணத்தை மட்டும் வைத்து இரண்டு இடத்தை ஒப்பிடுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது, எல்லா முதுமாணியும் ஒன்றல்ல. விண்ணப்பம் போட்ட பிறகுதான் எனக்கே இது தெரிந்தது, வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். எஸ்.எல்.கியூ.எஃப். என்று ஒரு தேசியத் தகைமைச் சட்டகம் இருக்கிறது. அதில் பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம், 25 கிரெடிட். பாடங்களை மட்டும் படித்து எடுக்கிற முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். பாடத்தோடு ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. சுவரில் மாட்டுகிற சான்றிதழில் எல்லாம் ஒரே மாதிரி அழகாக இருக்கும். நாளைக்குப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராகப் போகிற எண்ணம் ஒரு துளி இருந்தாலும் ஆய்வு இல்லாத 9ஆம் மட்டத்தோடு நின்றுவிடாதீர்கள். அங்கே ஆய்வுக்கூறு உள்ள பட்டத்தைத்தான் தேடுவார்கள். பாடசாலைச் சேவைக்குள் முன்னேறினால் போதும் என்றால் 9 தாராளம்.

ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியால உழைப்பு. லெக்சர், வாசிப்பு, எசைன்மென்ட், பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதற்குள் அடக்கம். 30 கிரெடிட் என்றால் 1,500 மணித்தியாலம். ஒரே வருடத்தில் முடிப்பதென்றால் வாரத்துக்குக் கிட்டத்தட்ட 29 மணித்தியாலம். பாடசாலை, பின்னேர வகுப்பு, சமையல், பிள்ளையின் ஹோம்வேர்க், மாமியாரின் கிளினிக் நாள், இவ்வளவும் போக 29 மணித்தியாலத்துக்கு நான் எங்கே போவேன்? இந்தக் கணக்கைப் போடாமலே சேர்ந்தவள் நான். அதனால்தான் ஒரு வருடப் படிப்பு எனக்கு இரண்டரை வருடம் இழுத்தது.

சரி, சனிக்கிழமைக்கு வருவோம்.

இரவே ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடி வைத்துவிடுவேன். நாலு மணிக்கு அலாரம். நாலரைக்கு இவர் டோர்ச் லைட்டோடு எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, படியிலிருந்து ரோட்டு வரைக்கும் வந்து என்னை த்ரீவீலில் ஏற்றிவிடுவார். மழைக்காலத்தில் கோயில் வளைவில் அட்டை ஏறும், அதனால் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடுதான் போவேன். ஹட்டன் டவுனில் கண்டி பஸ். கினிகத்தேனை வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும்போது புத்தகத்தைத் திறந்தால் வயிற்றைப் புரட்டும். நாவலப்பிட்டி தாண்டினால்தான் எழுத்து நிலைக்கும். கம்பளையில் கூட்டம் ஏறிவிட்டால் கையை நீட்ட இடமிருக்காது. ஆக, என் முதுமாணி வாசிப்பில் பெரும்பகுதி நாவலப்பிட்டிக்கும் கம்பளைக்கும் நடுவில் நடந்ததுதான். மூன்று மணித்தியாலம் கழித்துப் பேராதனைக் கலஹா சந்தியில் இறங்கி நடக்கும்போது, கொழும்பிலிருந்து காரில் வந்த ஒருவர் "ட்ராஃபிக் பயங்கரம்" என்று அலுத்துக்கொள்வார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

ரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். கெம்பஸ் ஓரத்திலேயே சரசவி உயன என்று ஸ்டேஷன் இருக்கிறது, உண்மைதான். காலை வகுப்புக்குப் பொருந்துகிற நேரத்தில் எனக்கு ரயில் அமையவில்லை. அப்புறம், எங்கள் பக்கத்துப் பாதையை நம்பி ஆண்டுத் திட்டம் போடவும் முடியாது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மண்சரிவு வந்து ரோட்டும் மலைநாட்டு ரயில் பாதையும் அடைபட்டதை எல்லாரும் பார்த்தோம். அதனால் சேருவதற்கு முன்பு வரவு எத்தனை சதவீதம் கேட்கிறார்கள், பாதை அடைபட்டால் என்ன ஏற்பாடு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் கேட்கிற இடத்தில், பதினைந்து சனிக்கிழமையில் மூன்றுதான் உங்கள் கையிருப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல் ஒன்று, கோயில் திருவிழா ஒன்று, மண்சரிவு ஒன்று. முடிந்தது.

இவ்வளவு பாடுபட்டு எதற்குப் பேராதனை என்றால், அங்கே கிடைத்தது வேறெங்கும் கிடைத்திருக்காது. நூலகத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்லப்போவது வகுப்பைப் பற்றி. எங்கள் குழுவில் கம்பளையிலிருந்து ஒரு சிங்கள ஆசிரியர், அக்குறணையிலிருந்து வங்கியில் வேலை செய்கிற ஒரு சகோதரி, நான். தோட்டத்துப் பிள்ளைகள் பாடசாலைக்குப் பிந்தி வருவதைப் பற்றி நான் பேச வேண்டியிருந்தது. அம்மா காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பேரட்டுக்குப் போகும் நேரமும் பிள்ளை வெளிக்கிடும் நேரமும் ஒன்றாகிவிடுகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லப் போனேன். பேரட்டு என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அது ஆங்கிலத்துப் 'பரேட்' தேய்ந்து வந்த சொல்தான், ஆனால் அப்படியே திருப்பிச் சொன்னால் வகுப்பில் எல்லாரும் இராணுவ அணிவகுப்பை நினைக்கிறார்கள். 'மஸ்டர்' என்ற சொல்லை அந்தச் சிங்கள ஆசிரியர்தான் எடுத்துக் கொடுத்தார், அவர் தாத்தா ஒரு தோட்டத்துக் காரியாலயத்தில் இருந்தவராம். அதற்குப் பிறகு முக்கால் மணித்தியாலம் வகுப்பே அந்தப் பேரட்டைப் பற்றிப் பேசியது, யார் பெயர் கூப்பிடுவார், பிந்தினால் என்ன, அரைநாள் பெயர் என்றால் என்ன என்று. எனக்குச் சாதாரணமாக இருந்த ஒன்று ஆய்வுக் கேள்வியாக மாறியது அன்றைக்குத்தான். வீட்டில் தனியாக மொடியூல் வாசித்திருந்தால் இது நடந்திருக்காது. பகல் இடைவேளையில் குறிஞ்சிக் குமரன் கோயில் பக்கம் நடந்து போனதும், மலை ஊரில் இருந்து வந்தவளுக்கு அந்த வளாகம் அந்நியமாகப் படாததும் கூடுதல் லாபம்.

என் பாடநெறி முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்மூலம் பட்டம் எடுத்தவர்களுக்கு முதல் ஆறு மாதம் கஷ்டம்தான், இனிப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கட்டுரையை வாசித்து முடிக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு வருடத்தில் அது ஒரு இரவாகக் குறைந்தது.

திறந்த பல்கலைக்கழகம் வேறு ரகம். 1980இல் தொடங்கியது, தலைமையகம் நாவலை, கண்டிக்காரர்களுக்குப் பொல்கொல்லையில் பிராந்திய நிலையம். மகாவலியை மறித்துத் திருப்பிவிடுகிற அந்த அணைக்கட்டுப் பக்கம்தான். பட்டப்பின் கல்வி டிப்ளோமா தமிழ்மூலமும் இருப்பது எங்களுக்குப் பெரிய விஷயம். அச்சடித்த பாடப்புத்தகம் கைக்கு வரும், குறிப்பிட்ட நாட்களில் டே ஸ்கூல் என்கிற நேரடி வகுப்பு, மற்றபடி நீங்களும் மேசையும்தான். எத்தனையோ இரவு பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு ஒன்பதரைக்கு உட்கார்ந்திருக்கிறேன். த்ரீவீல் காசு இல்லை, மாமியாரிடம் பிள்ளையை விட்டுப் போகிற குற்ற உணர்ச்சியும் இல்லை.

ஆனால் 'தொலைக்கல்வி' என்றதும் லேசு என்று நினைக்காதீர்கள். தொடர் மதிப்பீட்டில் போதிய புள்ளி எடுத்துத் தகுதி பெற்றால்தான் இறுதிப் பரீட்சை எழுதலாம். தவணைப் பரீட்சைத் தாள் திருத்துகிற அதே வாரத்தில் எசைன்மென்ட் கடைசித் திகதி வந்து நிற்கும். சனிக்கிழமை வகுப்பென்றால், "மெடம், இது விளங்கவில்லை" என்று பக்கத்தில் இருப்பவரிடமாவது கேட்கலாம். இங்கே இரவு பத்து மணிக்கு விளங்காவிட்டால் விளங்கவில்லைதான். நாங்கள் ஐந்து ஆசிரியைகள் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குரூப் வைத்திருந்தோம். அது இல்லாவிட்டால் நான் முதல் அரையாண்டிலேயே விட்டிருப்பேன். தன்னைத் தானே விரட்டி வேலை வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது பொருந்தும். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்குப் படிப்பு ஓடும் என்கிறவர்கள் கஷ்டமென்றாலும் பஸ் ஏறிவிடுங்கள்.

சூம் வகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2020இல் கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் ஓன்லைனுக்குப் பழகிவிட்டார்கள், "இனி உங்களுக்கு வசதிதானே" என்று கண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் லயத்தில் சிக்னல் ஒரு கோடு. முழுசாகப் பிடிப்பது மேலே பிள்ளையார் கோயில் படியில். நான் ஆய்வு முன்மொழிவை அந்தப் படியில் குடை பிடித்துக்கொண்டு விளக்கியிருக்கிறேன். பின்னால் யாரோ மணி அடித்துவிட்டார்கள், அந்தப் பக்கம் ஒரு நிமிடம் மௌனம். ஓன்லைன் பாடநெறி என்று சேருவதற்கு முன்பு வீட்டில் எந்த மூலையில் எந்த நேரத்தில் சிக்னல் நிற்கிறது என்று ஒரு வாரம் பாருங்கள்.

இனி ஆய்வுப் பட்டம். முதுதத்துவமாணிக்குக் குறைந்தது இரண்டு வருடம், கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று. வாரவாரம் வகுப்பு பெரிதாக இல்லை, அதனால் "நமக்குத் தூரம் பிரச்சினை, இதுதான் வசதி" என்று தோன்றும். என் தோழியும் அப்படித்தான் நினைத்தாள். இரண்டாம் அத்தியாயத்தைக் கொடுத்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தாள். நேரில் போனால் "பார்க்கிறேன்மா." பிறகு சுப்பவைசர் ஒரு வருட லீவில் வெளிநாடு போய்விட்டார். புதிதாக வந்தவர் தலைப்பையே மாற்றச் சொன்னார். ஒவ்வொரு வருடமும் பதிவைப் புதுப்பிக்கக் காசு கட்டுகிறாள். எந்த இடம் என்று எழுதப்போவதில்லை, இது ஓரிடத்துக் கதையும் அல்ல. அவளுடைய ஆய்வு நல்ல ஆய்வு, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே இந்த வழியில் நீங்கள் தேர்ந்தெடுப்பது பல்கலைக்கழகத்தை அல்ல, ஓர் ஆளை. பதிவதற்கு முன்பு அவரிடம் மாணவராக இருக்கிற இரண்டு பேரைத் தேடிப் பிடித்துத் தனியாகப் பேசுங்கள். கொடுத்ததை எத்தனை நாளில் திருப்பித் தருகிறார், கடைசியாக எந்த மாணவர் எப்போது முடித்தார், அடுத்த வருடம் நீண்ட லீவு எடுக்கிறாரா. "சேர் நல்லவர்" என்று மட்டும் பதில் வந்தால் நான் என்றால் அவரிடம் பதிய மாட்டேன்.

விஞ்ஞானம், விவசாயம் படித்தவர்களுக்கு நிலைமை கொஞ்சம் மேல். பேராதனையிலேயே விவசாயத்துக்கு 1975 முதல் ஒரு பட்டப்பின் படிப்பு நிறுவகம், விஞ்ஞானத்துக்கு 1996 முதல் ஒன்று. விஞ்ஞானப் பக்கம் 30 கிரெடிட்டோடு தொடங்கி, ஆய்வையும் சேர்த்து 60க்குப் போகிற வழி இருப்பது நல்ல ஏற்பாடு, காலை விட்டுப் பார்த்துவிட்டு ஆழத்துக்குப் போகலாம். ஆய்வு மானியத்தில் உதவியாளராகச் சேர்ந்தால் சம்பளத்தோடு படிக்கலாம், ஆனால் மானியம் முடிகிற திகதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் தலவாக்கலையில் இருக்கிறது. கொழுந்துக் கூடையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தேயிலையில் ஆய்வு செய்ய எவ்வளவு பேர் போகிறோம் என்பது தனிப் பேச்சு.

யாழ்ப்பாணத்துக்குப் போன மாமா மகனின் அனுபவம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. லெக்சர் தமிழில், சண்டை தமிழில், தீசிஸ் தமிழில். கேள்விக்கொத்தை ஆங்கிலத்தில் எழுதி, தமிழாக்கி, பதிலைத் திரும்ப ஆங்கிலமாக்குகிற வேலையே அவனுக்கு இல்லை. ஆனால் வாரஇறுதிக்குப் போய்வருகிற தூரமில்லை அது. கண்டிக்கு வந்து இரவு பஸ் பிடித்தால் விடிகிற நேரம்தான் இறங்கலாம். அறை வாடகை, சாப்பாடு, முழுநேரப் படிப்பு, ஆகவே வேலையில் லீவு வேண்டும். லீவுக் கடிதம் ஒரு காரியாலயத்து மேசையில் நான்கு மாதம் தூங்கியது, அதற்குள் முதல் அரையாண்டு பாதி போய்விட்டது. அதோடு அவனுடைய தரவு எல்லாம் மஸ்கெலியாவில். ஒவ்வொரு நேர்காணலுக்கும் இங்கே வந்து, திரும்பப் போய். கல்யாணமாகாதவர், வேலை இன்னும் கிடைக்காதவர், தமிழில் எழுதினால்தான் என் சிந்தனை ஓடும் என்பவர், இந்த மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் போகலாம்.

கண்டி ஹோட்டல்களில் மேளா வைத்து "ஒரே வருடத்தில் வெளிநாட்டு முதுமாணி" என்று துண்டுப் பிரசுரம் கொடுக்கிறார்களே, அதைப் பற்றி ஒரே வரி: காசு கட்டுவதற்கு முன்பு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்று பாருங்கள்.

இப்போது தங்கச்சிக்கு என் பதில். உனக்கு நியமனம் வந்து இரண்டு வருடம், கையில் ஒரு வயதுப் பிள்ளை, பட்டப்பின் கல்வி டிப்ளோமா இன்னும் எடுக்கவில்லை. முதலில் அதை எடு. பட்டதாரி ஆசிரியருக்குத் தரஉயர்வில் அந்தத் தொழிற்றகைமைதான் முதலில் கேட்கப்படும், முதுமாணியை வைத்துக்கொண்டு அது இல்லாமல் நிற்கிற இரண்டு பேரை எனக்குத் தெரியும். திறந்த பல்கலைக்கழகத்தில் செய், தமிழில் செய், பிள்ளை முன்பள்ளிக்குப் போகிற வரைக்கும் வீட்டிலிருந்தே படி. இடையில் வாரத்துக்கு ஒரு ஆங்கிலக் கட்டுரை, அகராதியை வைத்துக்கொண்டாவது வாசி. பிறகு பேராதனை, அதுவும் 60 கிரெடிட். முதுதத்துவமாணி இப்போது வேண்டாம். உன்னை நம்பாமல் சொல்லவில்லை, உனக்கு இன்னும் ஒரு சுப்பவைசரையும் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

அவள் உடனே, "அப்ப நீங்கள் மட்டும் ஏன் அக்கா பிள்ளை சின்னதாக இருக்கும்போதே பேராதனைக்குப் போனீங்க?" என்று கேட்டாள். எனக்கு இப்படி எழுதிச் சொல்ல ஆளில்லை என்று சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, வாரத்தில் ஒரு நாளாவது யாரும் என்னை டீச்சர் என்றும் அம்மா என்றும் கூப்பிடாத ஓரிடம் எனக்குத் தேவைப்பட்டது.

போகிற நாள் வந்தால் ஒன்று: ஹட்டனில் ஏறும்போதே இடது பக்கச் சீட்டைப் பிடி, கினிகத்தேனை வரைக்கும் கண்ணை மூடிக்கொள். புத்தகத்தை நாவலப்பிட்டியில் எடுத்தால் போதும்.